மிளகு, உப்பு, அம்மம்மா

முதலே சொல்லிவிடுகிறேன்: எங்கட வீட்டில் எலி வளர்க்கிறோம். கூரைக்குள் தானாக வளர்கிற எலி இல்லை. பெயர் வைத்து, முட்டை அவித்துக் கொடுத்து வளர்க்கிற எலி. இதைக் கேட்டதும் ஆட்கள் கேட்கிற முதல் கேள்வி, "ஏன்?" ரெண்டாவது, "கடிக்காதா?" இந்த ரெண்டுக்கும் பதில் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. ஆனால் ஏற்கெனவே இருக்கிற எலியிடம் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து விட்டால் என்ன நடக்கும் என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமலே செய்துபார்த்தேன். அதுதான் இந்தக் கதை.

கொழும்பில் படித்த என் சிநேகிதி ஒருத்தி போர்டிங்கில் ஒளித்து வைத்து ரெண்டு எலி வளர்த்தாள். வீட்டுக்காரம்மா கண்டுபிடித்துவிட்டா. அன்றைக்கு இரவே திருகோணமலை மெயிலில் ஏறி, செருப்புப் பெட்டியில் ஓட்டை போட்டு, விடிய எங்கட வாசலில் வந்து நின்றாள். "ஒரு மாசம் மட்டும் வச்சிரு" என்றாள். அந்த ஒரு மாதம் ஒன்றரை வருடமாகிவிட்டது. ரெண்டும் பெண், ஒரே வயிற்றுச் சகோதரிகள். தலையும் தோளும் கறுப்பாய், மிச்சம் வெள்ளையாய் இருந்தவள் மிளகு. முழு வெள்ளை, சீனி.

அம்மாவுக்கு எலி என்றால் எலிக்காய்ச்சல். அதில் பிழை சொல்ல முடியாது. மாரி மழை பெய்து வயல் இறங்கும் காலத்தில் மூதூர், கிண்ணியாப் பக்கம் ஆட்கள் அதற்குக் குளிசை எடுத்துக்கொண்டுதான் சேற்றில் கால் வைப்பார்கள். வீட்டுக்குள் பிறந்து வளர்ந்து, வெளி எலியோடு சேராத எலியிடம் அந்த ஆபத்து குறைவு என்று விளங்கப்படுத்தினேன். "குறைவு எண்டா இல்லையெண்டு இல்லத்தானே" என்றா. அதுவும் சரிதான். கையை சவர்க்காரம் போட்டுக் கழுவுவது, குசினிக்குள் கூட்டைக் கொண்டுபோகாதது, வெளி எலி வராமல் யன்னலுக்கு வலை அடிப்பது என்று மூன்று சட்டம் போட்டா. இன்றுவரை மீறவில்லை.

எங்கட கூரையில் ஓடுவதும் கூட்டில் இருப்பதும் ஒரே எலி இல்லை என்பதையும் அப்போதுதான் படித்தேன். கூரையில் ஓடுகிறவர் கறுப்பெலி. கப்பல் எலி என்றும் பெயர். அவருடைய பூர்வீகம் இந்தியத் துணைக்கண்டப் பக்கம். ரோமர் காலத்துக் கடல் வணிகத்தோடு ஐரோப்பாவுக்குப் போனவர். கூட்டில் இருக்கிறவருடைய மூதாதையர் மண்ணிற எலி. வட சீனா, மொங்கோலியாப் பக்கத்து ஆள். 18ஆம் நூற்றாண்டில்தான் ஐரோப்பாவில் பரவினார். அங்கே எலி பிடிக்கிறவர்கள் வித்தியாசமான நிறத்தில் வந்தவற்றை விற்காமல் வைத்து வளர்க்கத் தொடங்கினார்கள். விக்டோரியா மகாராணியின் எலி பிடிகாரர் ஜாக் பிளாக் அதில் பெயர்போனவர். பிறகு ஆய்வுகூடங்களுக்கும் போனது. சுருக்கமாகச் சொன்னால் எங்கட எலி ஐரோப்பாவுக்குப் போய்விட்டார். சீனத்து எலி ஐரோப்பாவைச் சுற்றி செருப்புப் பெட்டியில் எங்கட வீட்டுக்கு வந்துவிட்டா. துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிற எனக்கு இது பெரிய அதிசயமாகத் தெரியவில்லை.

போன வைகாசியில் சீனி செத்துப்போனாள். வயிற்றடியில் ஒரு கட்டி. வயது வந்த பெண் எலிகளுக்கு அடிக்கடி வருவதுதான். எலியின் ஆயுளே ரெண்டு, மூன்று வருடம். தெரிந்துதான் வளர்த்தேன், என்றாலும் மூன்று நாள் அழுதேன். நான்காம் நாள் மிளகைப் பார்த்தேன். முட்டையைத் தொடவில்லை. சீனியோடு படுக்கிற ஏணைக்குள் ஏறாமல் கூட்டின் மூலையில் குந்திக்கொண்டிருந்தாள். கண்ணோரத்தில் சிவப்பாய் ஏதோ ஒட்டியிருந்தது. ரத்தம் என்று பயந்துவிட்டேன். அது ரத்தம் இல்லை, எலியின் கண்ணுக்குப் பின்னாலுள்ள சுரப்பியில் இருந்து வருகிற நிறமி. சுகமில்லாவிட்டாலும் மனஅழுத்தம் வந்தாலும் அது கூடும். எலி கூட்டமாய் வாழ்கிற பிராணி. எவ்வளவுதான் தூக்கி வைத்துக் கொஞ்சினாலும் மனுசர் ஒரு எலிக்கு இன்னொரு எலி ஆக மாட்டார். இரவில் அது விழித்திருக்கும், நான் நித்திரை.

அதே நேரத்தில்தான் அம்மம்மா எங்கட வீட்டுக்கு வந்தா.

அம்மம்மா சம்பூர். 2006 சித்திரையில் குண்டு விழத்தொடங்க வெளிக்கிட்டவ. மூதூர், வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்து, கிளிவெட்டி முகாமில் வருடக்கணக்காய் இருந்து, 2016இல்தான் காணியைத் திரும்பக் கண்டா. வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை, கிணறு மட்டும் இருந்தது. பிறகு கட்டிக்கொடுத்த சின்ன வீட்டில் அம்மப்பாவோடு இருந்தா. அம்மப்பா போன வருடம் மோசம் போய்விட்டார். "தனிய இருக்க விட ஏலாது" என்று மாமாவும் அம்மாவும் கதைத்து முடிவெடுத்து, ஒரு றங்குப் பெட்டியோடு கிண்ணியாப் பாலத்தால் பஸ்ஸில் கூட்டிவந்தார்கள். எங்கட வீட்டில் ரெண்டு அறைதான். அம்மம்மாவுக்கு என் அறை. அதாவது எனக்கும் மிளகுக்கும் இருந்த அறை.

முதல் நாளே கூட்டைக் கண்டு வாசலில் நின்றுவிட்டா. "முகாமில பத்து வருசம் இதுகளோடதான் படுத்தனான். உங்கட வீட்டிலயுமா?" ஒரு இரவு தரப்பாள் கொட்டிலில் நித்திரையில் இருக்கும்போது கால் பெருவிரலை எலி கடித்த அடையாளத்தைக் காட்டினா. நான் கூட்டை அறையின் மற்ற மூலைக்கு நகர்த்தினேன். அவ்வளவுதான் செய்தேன். அம்மம்மா ஒன்றும் சொல்லவில்லை. சத்தம் இல்லாததால் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

ஆடியில் உப்புவெளியில் ஒரு குடும்பம் வெளிநாடு போக வெளிக்கிட்டது. அவர்களுடைய மகனிடம் மூன்று மாத வயதில் ஒரு பெண் எலி இருந்தது. முழு வெள்ளை, சிவப்புக் கண். பெண்தான் என்று நானே பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டேன். இதில் பிழை விட்டால் இருபத்தொரு, இருபத்திரண்டு நாளில் பத்துக் குஞ்சோடு இருக்க வேண்டிவரும். உப்புவெளியில் இருந்து வந்ததால் உப்பு. மிளகுக்கு உப்பு. பெயரே பொருத்தமாக வந்துவிட்டது என்று அந்தச் சந்தோசத்தில், வீட்டுக்கு வந்த பத்தாவது நிமிடம் உப்பைத் தூக்கி மிளகின் கூட்டுக்குள் விட்டேன்.

ஒரு நிமிடம் ரெண்டும் மணந்தன. பிறகு மிளகின் மயிர் முழுக்கச் சிலிர்த்து எழும்பியது. உடம்பு ரெண்டு மடங்காய்த் தெரிந்தது. நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்து உப்பைக் கம்பியோடு நெருக்கினாள். நான் "செல்லம் கொஞ்சுது" என்று நினைத்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். அடுத்த நொடி ஒரு கீச்சுச் சத்தம். உப்பின் பின்பக்கத்தில் ரத்தம். கையை விட்டுப் பிரிக்கப்போய் என் விரலிலும் ஒரு கடி. ஒன்றரை வருடத்தில் மிளகு என்னைக் கடித்தது அதுதான் முதல் தடவை. ஆஸ்பத்திரிக்குப் போய் ஏற்பு ஊசி போட்டுக்கொண்டு வந்தேன். அந்த வீடியோவை இன்னும் அழிக்கவில்லை. பார்க்கும்போது வெட்கமாய் இருக்கும்.

அன்றிரவு இருந்து வாசித்தேன். எல்லாரும் ஒரே விசயத்தைத்தான் சொன்னார்கள்: புதியவரைப் பழையவரின் வீட்டுக்குள் நேரே கொண்டுபோய் விடாதே. மயிர் சிலிர்ப்பதும் பக்கவாட்டில் நடப்பதும் கடைசி எச்சரிக்கை. அந்தக் கூட்டின் ஒவ்வொரு கம்பியிலும் மிளகின் மூத்திர வாசம் இருக்கிறது. மிளகுக்கு அது காணி உறுதி மாதிரி. அதற்குள் ஒரு அந்நிய வாசம் நுழைந்தால் அது விருந்தாளி இல்லை, கள்ளன்.

முதல் படி, தனிமைப்படுத்தல். வேறு அறை, வேறு கூடு, ரெண்டு கிழமை. எலிகளுக்குச் சுவாச நோய் இலகுவாய்த் தொற்றும், பேனும் உண்ணியும் வரலாம். கொரோனாக் காலத்தில் பழகின சொல்தான், ஆனால் வழக்கம் அதைவிடப் பழையது. 1377இல், இன்றைக்கு டுப்ரோவ்னிக் என்று சொல்கிற துறைமுகம், நோய் இருக்கிற இடங்களில் இருந்து வருகிறவர்களை முப்பது நாள் வெளியே நிறுத்தியது. பிறகு அது நாற்பதாகி, ஆங்கிலச் சொல்லும் அந்த நாற்பதில் இருந்துதான் வந்தது.

துறைமுகத்தில் கப்பல்களில் ஏறி இறங்குகிற வேலை செய்கிற மாமாவுக்கு இதைச் சொல்ல, சிரித்தார். "கப்பலுக்கே எலிக்குச் சான்றிதழ் இருந்தது தெரியுமா?" என்றார். எலி ஒழித்த கப்பல் என்று முன்பெல்லாம் ஒரு பத்திரம் கொடுப்பார்களாம். 2005இன் சர்வதேச சுகாதார ஒழுங்குவிதிகளோடு அது பொதுவான கப்பல் சுகாதாரச் சான்றிதழாக மாறியது. ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். பிறகு போனில் ஒரு படத்தைக் காட்டினார். கப்பலைக் கரையோடு கட்டுகிற மொத்தக் கயிறு. அதன் நடுவில் பெரிய வட்டத் தகடு. கயிற்றால் நடந்து வருகிற எலி அந்தத் தகட்டைத் தாண்ட முடியாது.

அம்மம்மா எட்டிப் பார்த்தா. "சிரட்டை" என்றா.

எங்களுக்கு விளங்கவில்லை. முகாமில் நிவாரண அரிசியை மேலே கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார்களாம். கயிற்றால் எலி இறங்கும். அதனால் கயிற்றின் நடுவில் ஓட்டை போட்ட ஒரு சிரட்டையைக் கவிழ்த்துக் கோர்த்துவிடுவார்களாம். எலி சிரட்டையில் வழுக்கி விழும். "கப்பல்காரனுக்கும் அதே யோசனைதான் வந்திருக்கு" என்றா. வந்து ஒரு மாதத்தில் அம்மம்மா சம்பூரைப் பற்றியோ முகாமைப் பற்றியோ தானாகக் கதைத்தது அன்றுதான்.

உப்பு அந்த ரெண்டு கிழமையும் அம்மா தைக்கிற விறாந்தைப் பக்கத்துத் தடுப்புக்குள் இருந்தாள். காயம் ஆறியது. கச்சான் காற்று அடித்து வெயில் கொளுத்திய நாட்களில் போத்தலில் தண்ணீரை உறைய வைத்து, துணியில் சுற்றி ரெண்டு கூட்டுக்குள்ளும் வைத்தேன். எலிக்கு எங்களைப்போல வியர்வை கிடையாது, வெக்கையில் செத்தே போகும். ரெண்டாம் கிழமை வாச மாற்றம் தொடங்கினேன். மிளகு படுத்த பழைய சேலைத் துண்டை உப்புக்கும், உப்பு படுத்ததை மிளகுக்கும். முதல் நாள் மிளகு அந்தத் துண்டைக் கடித்து இழுத்துக் கூட்டின் வாசலில் போட்டாள். நான்காம் நாள் அதற்கு மேல் படுத்திருந்தாள்.

அடுத்தது, ரெண்டு பேருக்கும் சொந்தமில்லாத இடம். வெளிநாட்டு வீடியோக்களில் குளியல் தொட்டிக்குள் விடுவார்கள். எங்களிடம் அது எங்கே? கிணற்றடியில் பழைய சீமெந்துத் தொட்டி ஒன்று இருந்தது. குழாய்த் தண்ணி வந்த பிறகு ஒருவரும் பாவிக்காத தொட்டி. தேய்த்துக் கழுவிக் காயவைத்தேன். பின்னேரம் வெயில் இறங்க, கையில் மொத்தத் துவாயோடு ரெண்டு பேரையும் ஒரே நேரத்தில் இறக்கினேன். பிரிக்க வேண்டி வந்தால் வெறுங்கை போடக்கூடாது என்பதைத்தான் விரல் படிப்பித்துவிட்டதே.

அம்மம்மா கிணற்றுக் கட்டில் வந்து இருந்தா. எலியைப் பார்க்க இல்லை, "காத்து வாங்க".

மிளகு நேரே போய் உப்பைக் கவிழ்த்து, வயிற்றில் முன்காலை வைத்து அமத்தினாள். உப்பு கீச்சென்றாள். நான் துவாயைத் தூக்கினேன்.

"பொறு பிள்ள" என்றா அம்மம்மா. "ரத்தம் வந்ததே? இல்லத்தானே. பொறு."

அவ சொன்னது சரி. கவிழ்ப்பது, பிடரியை அழுத்தி நக்குவது, ரெண்டு காலில் எழும்பி நின்று தள்ளுவது எல்லாம் யார் பெரியவர் என்று பேசித் தீர்க்கிற முறை. ஒவ்வொரு கீச்சுக்கும் நாங்கள் புகுந்து பிரித்தால் அந்தப் பேச்சு முடியாது. மயிர் சிலிர்த்தால், கடித்து ரத்தம் வந்தால், உருண்டு புரண்டு சண்டை பிடித்தால் மட்டும் பிரிக்க வேண்டும். உப்பு மல்லாந்து கிடந்து அசையாமல் இருந்தாள். மிளகு விட்டுவிட்டுப் போனாள். பத்து நிமிடத்தில் தூக்கிவிட்டேன். அடுத்த நாள் இருபது நிமிடம். பிறகு முக்கால் மணித்தியாலம். சண்டையில் முடியாமல், ரெண்டும் அமைதியாய் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும்.

"நீங்க எலி வளர்த்தனீங்களா அம்மம்மா?" என்று பகிடியாய்க் கேட்டேன்.

"கோழி வளர்த்தனான். புதுக்கோழியப் பகல்ல கூட்டுக்க விட்டா கொத்திச் சாக்காட்டும். ராவில, எல்லாம் நித்திரையா இருக்கேக்க, மெல்லமாத் தூக்கி நடுவில வச்சிட வேணும். விடியக்க ஒண்டா முழிச்சா ஒண்டும் செய்யாது." கொஞ்சம் பொறுத்துச் சொன்னா, "மனுசருக்கும் அப்பிடித்தான். புது இடத்தில முதல் விடியல்தான் கஷ்டம்."

அந்த வசனத்தை அன்றைக்கு நான் பெரிதாய் எடுக்கவில்லை.

அந்தக் கிழமை ஒரு ஆய்வைப் பற்றி வாசித்தேன். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் இன்பல் பென்-அமி பார்டால், ஜீன் டெசெட்டி, பெக்கி மேசன் என்பவர்கள் 2011இல் செய்தது. கூட்டாளி எலியை ஒரு குழாய்க்குள் அடைத்து வைத்தால், வெளியே இருக்கிற எலி கதவைத் திறக்கப் பழகிக்கொண்டு விடுவிக்கிறது. சொக்லேற் அடைத்த இன்னொரு குழாய் பக்கத்தில் இருந்தாலும் கூட்டாளியை மறப்பதில்லை. அதைவிட 2014இல் அதே குழு செய்தது எனக்குப் பிடித்தது. தன் இனத்து எலி முன்பின் தெரியாததாக இருந்தாலும் திறந்துவிடுகிறது. வேறு நிறத்து இனம் என்றால் திறப்பதில்லை. ஆனால் அந்த இனத்து எலி ஒன்றோடு ரெண்டு கிழமை ஒரே கூட்டில் இருந்துவிட்டால், பிறகு அந்த இனத்தின் அந்நியர்களுக்கும் திறந்துவிடுகிறது. பிறந்ததில் இருந்து மற்ற இனத்தோடேயே வளர்ந்த வெள்ளை எலி, அந்த இனத்துக்குத்தான் உதவியது; தன் நிறத்து அந்நியர்களுக்கு உதவவில்லை. கண்ணாடியில் தன்னைப் பார்த்திராத எலிக்குத் தான் என்ன இனம் என்று யாரோடு படுத்தெழும்பியதோ அதுதான் சொல்லிக்கொடுத்திருக்கிறது. தமிழ், முஸ்லிம், சிங்களம் என்று மூன்று பேரும் ஒரே மீன் சந்தையில் விலை கேட்டு, பிறகு தங்கள் தங்கள் தெருவுக்குத் திரும்பிப்போகிற ஊர் எங்களுடையது. இங்கே இருந்து அந்த "ரெண்டு கிழமை"யை வாசிக்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

கடைசிப் படி, கூடு. மிளகின் கூட்டை அப்படியே திறந்துவிட முடியாது. எல்லாவற்றையும் கழற்றிக் கொதிதண்ணியில் கழுவி, பழைய துணியெல்லாம் எறிந்து, ஏணையை வேறு இடத்தில் கட்டி, ஏணியை மாற்றிப் போட்டு, அது யாருடைய வீடும் இல்லை என்று ஆக்க வேண்டும். விட்டுக்கொடுக்க வேண்டியவர் வந்தவர் இல்லை, இருந்தவர். வந்தவரிடம் விட்டுக்கொடுக்க ஒன்றுமே இல்லை.

கம்பியைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் அறையைத் திரும்பிப் பார்த்தேன். சுவர் முழுக்க என் படங்கள். மேசையில் என் புத்தகங்கள். அலுமாரியில் என் உடுப்பு. அம்மம்மாவின் றங்குப் பெட்டி கட்டிலுக்குக் கீழே, வந்த நாளில் வைத்த அதே இடத்தில், பூட்டோடு. ஒரு மாதத்துக்கு மேலாய் அவ குனிந்து குனிந்து அதற்குள் இருந்துதான் சீலை எடுத்துக்கொண்டிருந்தா. முகாமில் இருந்தது போல. எலிகள் பயந்து கத்துவது 22 கிலோஹேர்ட்ஸ் அளவில். எங்கட காது 20க்கு மேலே கேட்காது. கேட்கவில்லை என்பதற்காகக் கத்தவில்லை என்று அர்த்தமில்லை.

இதை நான் அம்மம்மாவுக்குச் சொல்லவில்லை. சொன்னால், "என்னையும் எலியையும் ஒரு தட்டில வைக்கிறியோ" என்று கேட்பா. அலுமாரியில் மேல் ரெண்டு தட்டையும் காலியாக்கினேன். என் மேசையை விறாந்தைக்குக் கொண்டுபோனேன். கட்டிலை யன்னலோரம் இழுத்துப் போட்டேன். எலிக்கூடும் விறாந்தைக்குப் போனது. அம்மம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தா. மத்தியானம் பெட்டியைத் திறந்து அம்மப்பாவின் படத்தை எடுத்து, "ஆணி ஒண்டு அடிச்சுத் தாறியா?" என்று கேட்டா.

அன்றிரவு மிளகையும் உப்பையும் கழுவின கூட்டுக்குள் விட்டேன். பயத்தில் விறாந்தையிலேயே பாய் போட்டுப் படுத்தேன். ரெண்டு மூன்று கீச்சு கேட்டது. ஒரு ஓட்டம். பிறகு ஒன்றும் இல்லை. விடிய எழும்பிப் பார்த்தால் ரெண்டும் ஏணைக்குள், ஒன்றின் மேல் ஒன்றாய். மிளகு பல்லை நறநறவென்று மெல்ல அரைத்துக்கொண்டிருந்தாள். எலி நிம்மதியாய் இருக்கும்போது அப்படிச் செய்யும்.

அம்மம்மா இப்போதும் எலியைத் தொடமாட்டா. ஆனால் அவித்த முட்டையில் ஒரு துண்டு தட்டில் ஒதுக்கி வைப்பா. கேட்டால் "மிஞ்சிப்போச்சு" என்பா.

மிளகுக்கு இப்போது ரெண்டேகால் வயது. பின்னங்கால் கொஞ்சம் இழுக்கிறது. ஏணைக்கு ஏற முடியாமல் இருப்பதால் கீழே இறக்கிக் கட்டியிருக்கிறேன். உப்பு தனக்கு ஏற முடிந்தாலும் அவளோடு கீழேதான் படுக்கிறாள். ஒருநாள் உப்பு மூலையில் தனியாய்க் குந்திக்கொண்டிருப்பாள் என்று தெரியும். நேற்று இதைத்தான் அம்மம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அப்ப என்ன," என்றா, "திரும்பவும் தொட்டியைக் கழுவ வேண்டியதுதானே."